2147483647: இது முதன்மை எண்தான் என்று கையால் காட்ட முடியுமா?

2025 ஜூலை 5, மாலை. கேட்டவர்: விசுவமடுவிலிருந்து ஓர் உயர்தர மாணவர்

சேர், போனில் விளையாடும் ஒரு கேமில் என் காசு 2147483647 வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு விளையாடினாலும் ஏறவில்லை. தேடிப் பார்த்தால் அது ஒரு முதன்மை எண் என்று போட்டிருக்கிறது. அவ்வளவு பெரிய எண்ணைக் கணினி இல்லாமல் யாராலும் சோதிக்க முடியாது, சும்மா நம்பத்தான் வேண்டும் என்கிறான் கூட்டாளி. உண்மையா?

ஜூலை 5, இரவு

நம்பத் தேவையில்லை தம்பி. 1772இலேயே கணித மேதை ஒய்லர் இதை முதன்மை எண் என்று நிறுவி, பேர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் சொல்லிவிட்டார். அப்போது அவர் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் இருந்தார். பார்வை ஏறத்தாழ முழுவதும் போயிருந்தது. கணினியை விடு, கண்ணே இல்லாமல் செய்த வேலை.

இந்த எண் 2³¹ − 1. இரண்டை 31 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தது. கேமில் ஏன் நின்றது என்பதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் கணக்கு.

எல்லோருக்கும் தெரிந்த வழி: வர்க்கமூலம் வரைக்கும் உள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்ப்பது. 46340இன் வர்க்கம் 2147395600. 46341இன் வர்க்கம் 2147488281, அது எங்கள் எண்ணைத் தாண்டிவிட்டது. ஆகவே 46340 வரை பார்த்தால் போதும். அதற்குள் முதன்மை எண்கள் நாலாயிரத்து எழுநூற்றுக்கும் மேல் இருக்கின்றன. பொறுமைசாலி ஒருவர் செய்து முடிக்கலாம். ஒய்லர் அப்படிச் செய்யவில்லை.

ஜூலை 6

2047ஐ எடுங்கள். அது 2¹¹ − 1. காரணிகள் 23, 89. இரண்டிலும் ஒன்றைக் கழித்தால் 22, 88. இரண்டும் 22இன் மடங்கு, அதாவது 11இன் இரட்டிப்பின் மடங்கு. இது தற்செயல் இல்லை.

எங்கள் எண்ணுக்கு ப என்று ஒரு முதன்மைக் காரணி இருக்கிறது என்று வைப்போம். அப்போது 2³¹ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1. இரண்டின் வலுக்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ப-ஆல் வகுத்த மீதியைப் போட்டுக்கொண்டு போங்கள். 31 ஆம் இடத்தில் 1 வரும். முதன்முதலாக 1 வரும் இடம் எதுவோ, அது 31ஐ வகுக்க வேண்டும், ஏனென்றால் அந்த இடத்துக்குப் பிறகு வரிசை திரும்பத் தொடங்கிவிடும். 31 முதன்மை எண். முதலாம் இடத்தில் இருப்பதோ 2. எனவே முதன்முதலாக 1 வருவது 31 ஆம் இடத்தில்தான். அதற்குப் பிறகு 62, 93 என்று 31இன் மடங்குகளில் மட்டுமே வரும்.

இப்போது ஃபெர்மாவின் சிறு தேற்றம்: ப-இல் ஒன்று குறைந்த இடத்திலும் மீதி 1 வரும். ஆகவே ப − 1 என்பது 31இன் மடங்கு. ப ஒற்றை எண், எனவே ப − 1 இரட்டை. சேர்த்தால் 62இன் மடங்கு.

அதாவது காரணி ஏதும் இருந்தால் அது 62இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்ணாகத்தான் இருக்கும். 3, 5, 7, 11, 13 எல்லாம் தொட்டுப் பார்க்காமலே போய்விட்டன. இதை முதல்முதல் புரிந்துகொண்ட அன்று நான் சாப்பிடவும் எழும்பவில்லை.

ஜூலை 6, பின்னேரம்

இன்னொரு சல்லடையும் உண்டு. 2³¹இன் மீதி 1 என்றால் 2³²இன் மீதி 2. 2³² என்பது 2¹⁶இன் வர்க்கம். ஆக, ஒரு வர்க்கத்தை ப-ஆல் வகுத்தால் மீதி 2 வருகிறது. அப்படி நடக்க இடங்கொடுக்கும் ஒற்றை முதன்மை எண்களை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டும்தான் வரும். இதன் நிறுவலை இங்கே எழுதினால் நீண்டுவிடும். 7, 17, 23, 31 என்று சோதித்துப் பாருங்கள், பிறகு 5, 11, 13இல் முயன்று பாருங்கள், வேறுபாடு கையில் தெரியும்.

62இன் மடங்கு + 1 என்று போனால் 63, 125, 187, 249. இவற்றை 8ஆல் வகுத்த மீதிகள் 7, 5, 3, 1. நாலில் இரண்டு போய்விட்டன. மிஞ்சுவது 248இன் மடங்கு + 1, 248இன் மடங்கு + 63 என்ற இரண்டு வகை. 46340 வரை அப்படி 372 எண்கள் (63ஐயே விட்டுவிட்டேன், அது 7 தடவை 9).

நாலாயிரத்து எழுநூறு எங்கே, 372 எங்கே.

ஜூலை 9

துணுக்காயிலிருந்து ஓர் அண்ணை எழுதியிருக்கிறார்: "31 முதன்மை எண். ஆகவே 2³¹ − 1உம் முதன்மை எண். இதற்கு ஏன் இத்தனை பாடு?" வட்ஸ்அப்பிலும் இப்படி ஒன்று சுற்றுகிறதாம்.

அண்ணை, மேலே 2047ஐப் பாருங்கள். 11 முதன்மை எண், 2047 இல்லை. வலு முதன்மையாக இல்லாவிட்டால் நிச்சயம் சரிவராது என்பது உண்மை; 2⁶ − 1 = 63ஐ 3உம் 7உம் வகுக்கும். மறுபக்கம் உறுதி இல்லை. இதில் விழுந்தவர்கள் சின்ன ஆட்களும் இல்லை. இத்தாலியரான கற்றல்டி 1588இல் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டையும் முறையாக வகுத்துப் பார்த்துச் சரியாகச் சொன்னார். அந்தத் தைரியத்தில் 23, 29, 31, 37 நாலும் சரிவரும் என்றார். 31 மட்டும் தப்பியது. 1644இல் மெர்சென் பாதிரியார் இப்படி முதன்மை எண் தரும் வலுக்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் 67உம் 257உம் பிழை, 61, 89, 107 விடுபட்டிருந்தன. 2⁶⁷ − 1ஐ 1903இல் கோல் என்ற அமெரிக்கர் 193707721 × 761838257287 என்று உடைத்துக் காட்டினார்.

நான் மிகவும் விரும்புவது 29இன் கதை. 2²⁹ − 1 = 536870911. காரணிகள் 58இன் மடங்கு + 1. முதலாவது 59: 8ஆல் வகுக்க மீதி 3, தள்ளு. 117: மீதி 5, தள்ளு. 175: மீதி 7, ஆனால் 5ஆல் வகுபடும், தள்ளு. அடுத்தது 233. அதுவே வகுக்கிறது! முதல் கதவைத் தட்டியவுடன் திறந்துவிட்டது. 23க்கு இன்னும் விரைவு; 46 + 1 = 47, அதுவே காரணி. வழி தெரியாததால் கற்றல்டிக்கு அகப்படாதது, தெரிந்தால் ஓ.எல். பிள்ளைக்கு ஐந்து நிமிட வேலை.

ஜூலை 12

"372 தடவை பத்து இலக்க எண்ணை நெடுவகுத்தல் செய்வதா?" என்று ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தங்கச்சி கேட்கிறார். இன்று வகுப்பில் பிள்ளைகளோடு இருந்து செய்ததை எழுதுகிறேன்.

முதலில் ஆட்களைக் குறைத்தோம். 249 = 3 × 83; அதைச் சோதிப்பது வீண், ஏனென்றால் 249 வகுத்தால் 3உம் வகுக்க வேண்டும், 3 ஏற்கெனவே போய்விட்டது. அப்படி மூன்றின் மடங்குகளை மட்டும் தள்ளினாலே 372 இல் 248தான் மிச்சம். (அதே 248! பிள்ளைகள் இதைக் கண்டு துள்ளினார்கள்.) பிறகு 497 = 7 × 71. 559 = 13 × 43. 745 ஐந்தின் மடங்கு. 1241 = 17 × 73. இப்படித் தட்டிக்கொண்டு போனால் உண்மையில் சோதிக்க வேண்டிய முதன்மை எண்கள் நூறைத் தொடாது. தொடக்கத்தில் நிற்பவை 311, 1303, 1489.

அடுத்தது வகுத்தல். பத்து இலக்கத்தைத் தொடவே வேண்டாம். 311க்கு இப்படி: 2¹⁰ = 1024, 311ஆல் வகுக்க மீதி 91. 2²⁰இன் மீதிக்கு 91ஐ வர்க்கி: 8281, மீதி 195. 2³⁰க்கு 195 × 91 = 17745, மீதி 18. இரட்டிப்பாக்கினால் 2³¹இன் மீதி 36. ஒன்றைக் கழி, 35. பூச்சியம் இல்லை. 311 போய்விட்டது.

கரும்பலகையில் நாலு வரி. பின் வாங்கிலிருந்த ஒரு பிள்ளை நம்பாமல் கொப்பியில் நேரே நெடுவகுத்தல் போட்டு, 6905092 தடவை போக மீதி 35 என்று எழுந்து நின்று வாசித்தாள். அதன் பிறகு வகுப்பில் ஒருவரும் என்னை எதிர்த்துக் கேட்கவில்லை, எல்லோரும் 1303ஐக் கேட்டார்கள். அதன் மீதி 226.

ஜூலை 13

பிரித்துக் கொடுத்துவிட்டேன். ஆளுக்குச் சில எண்கள். ஒவ்வொன்றையும் வேறொருவர் சரிபார்க்க வேண்டும். கல்குலேற்றர் சரிபார்க்க மட்டும்.

ஜூலை 19

கல்குலேற்றரை ஏன் தள்ளிவைக்கிறேன் என்று ஒரு தாய் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி அக்கா. பழமைப் பிடிவாதம் இல்லை. நான் படித்த காலத்தில் வன்னிக்குள் பற்றறி வர விடமாட்டார்கள். கல்குலேற்றர் வைத்திருந்தவர்களுடையதும் செத்துக் கிடந்தது. இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் இருந்தபோது ஜாம்போத்தல் விளக்கில் மடக்கை அட்டவணையைப் புரட்டிப் பழகியவர்கள் நாங்கள். அந்த நிலைமை எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். ஆனால் அதில் ஒன்று கிடைத்தது: கருவி சொல்லும் விடையில் எத்தனை இலக்கத்தை நம்பலாம் என்ற உணர்வு. அது இன்றைக்கும் தேவை.

உதாரணம் தருகிறேன். இன்று தெரிந்ததில் மிகப் பெரிய முதன்மை எண் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. 1996 முதல் நடக்கும் கிம்ப்ஸ் என்ற கூட்டு முயற்சியில் லூக் டுராண்ட் என்ற அமெரிக்கர் 2024 ஒக்ரோபரில் கண்டுபிடித்தார். இலக்கங்கள் 41024320. பக்கத்துக்கு 4000 இலக்கம் அச்சடித்தாலும் பத்தாயிரம் பக்கத்தைத் தாண்டும்.

இந்த இலக்க எண்ணிக்கையை நாங்களே பார்க்கலாம். 2இன் மடக்கையை வலுவால் பெருக்கி, முழுவெண் பகுதியோடு ஒன்றைக் கூட்டினால் போதும். பள்ளிக்கூட அட்டவணையில் மடக்கை 0.3010. பெருக்கிப் பாருங்கள்: 41020233 இலக்கம் வரும். 4087 குறைவு! சரி, 0.30103 எடுத்தால்? 41024321. இப்போது ஒன்று கூடிவிட்டது. 0.3010299957 வரை போனால் சரியான எண்ணிக்கை கிடைக்கும். நாலாம் தசமத்துக்குப் பின்னால் விட்டதெல்லாம் பதின்மூன்று கோடியால் பெருகி வந்து முன்னால் நிற்கிறது. இதைவிட நல்ல பாடம் வழுக்கணக்குக்கு எனக்குத் தெரியாது.

அதன் கடைசி இலக்கம் 1. அதற்கு அட்டவணையும் வேண்டாம். இரண்டின் வலுக்கள் 2, 4, 8, 6 என்று முடிந்து சுற்றிச் சுற்றி வரும். 136279841ஐ நாலால் வகுக்க மீதி 1, எனவே வலு 2இல் முடியும். ஒன்றைக் கழி.

ஜூலை 26

முத்தையன்கட்டிலிருந்து வயல் செய்யும் ஒரு ஐயா: "நெல்லாகச் சொன்னால் எவ்வளவு தம்பி?"

சதுரங்கப் பலகைக் கதை தெரியும்தானே ஐயா, முதல் கட்டத்தில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, பிறகு நாலு. முதல் 31 கட்டத்து நெல்லையும் கூட்டினால் சரியாக 2147483647 மணி. ஆயிரம் மணிக்கு 25 கிராம் என்று வைத்தால் 53 தொன்னுக்கும் மேலே. ஐம்பது கிலோ மூடையில் கட்டினால் ஆயிரத்தெழுபது மூடை தாண்டும். பலகையில் இன்னும் பாதிக்கும் மேல் வெறுமையாகக் கிடக்கும்.

அந்த நெல்லை ஒரு மணியும் மிஞ்சாமல் ஊருக்குச் சமமாகப் பங்கிட முடியாது. இரண்டு பேருக்கும் முடியாது, இருநூறு பேருக்கும் முடியாது. ஒருவரே எல்லாவற்றையும் எடுக்கலாம், அல்லது ஆளுக்கு ஒரு மணி என்று இருநூறு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுக்கலாம். முதன்மை எண் என்றால் அதுதான்.

ஓகஸ்ட் 2

கேம் விடயம். கணினியில் ஒரு முழுவெண்ணுக்கு 32 துவித இடம் ஒதுக்கினால், ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விடும். மிச்சம் 31 இடத்திலும் 1 போட்டால் வருவது 2³¹ − 1. அதற்கு மேல் இடமில்லை. 2014 டிசம்பரில் ஒரு கொரியப் பாட்டின் பார்வை எண்ணிக்கை இதைத் தாண்டியபோது யூரியூப்பும் பெரிய எண்ணுக்கு மாறியிருந்தது.

அதே கூரை நேரத்துக்கும் உண்டு. பல பழைய கருவிகள் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணி இப்படி 32 இடத்தில் வைத்திருக்கின்றன. 2038 ஜனவரி 19 அன்று, எங்கள் நேரப்படி காலை 8:44:07க்கு அந்த எண்ணிக்கை 2147483647ஐத் தொடும். அடுத்த நொடி, திருத்தப்படாத கருவிகள் 1901ஆம் ஆண்டு டிசம்பருக்குப் போய்விடும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடந்துகொண்டிருக்கும் நேரம். காலபோக அறுவடைக் காலமும்கூட.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கேம் நின்றதற்குக் காரணம் அது 31 ஒன்றுகள் என்பது. முதன்மை என்பது அல்ல. 31 இடத்துக்குப் பதில் 29 இடம் ஒதுக்கியிருந்தால் காசு நின்றிருக்கும் எண்ணை 233 வகுத்திருக்கும். முதன்மையாக அமைந்தது கணினி வடிவமைத்தவர்களுக்குத் தற்செயலாகக் கிடைத்த நன்மை. அதைப் பயன்படுத்தியும் இருக்கிறார்கள்: ஓர் எண்ணை 16807ஆல் (அது 7⁵) பெருக்கி 2147483647ஆல் வகுத்து மீதியை எடு, அதை மறுபடி பெருக்கு. 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களும் ஒவ்வொரு தடவை வந்த பிறகே வரிசை திரும்பும். குலுக்கல் எண்கள் உண்டாக்க இது நீண்ட காலம் பயன்பட்டது. வகுக்கும் எண் முதன்மையாக இல்லாவிட்டால் இப்படி ஒன்றும் விடாமல் சுற்றாது.

ஓகஸ்ட் 3

நேற்று எழுதிய 2147483646ஐ உடைத்துப் பார்த்தீர்களா? 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. சில்லறையாகச் சிதறுகிறது. மேலே இருக்கும் 2147483648 வெறும் இரண்டுகள். நடுவில் நிற்பது மட்டும் உடையாது. அந்தச் சில்லறைக்குள் 31 இருப்பதைக் கவனியுங்கள்: ஜூலை 6இல் எழுதிய வாதம் 2147483647க்கே பொருந்துகிறது, ஏனென்றால் அதன் ஒரே முதன்மைக் காரணி அதுவேதான்.

ஓகஸ்ட் 10

ஒரு வாசகர்: "தெரிந்த முதன்மை எண்களை எல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் புதிய முதன்மை எண் வரும். யூக்ளிட் சொன்னது. பிறகு ஏன் தேட வேண்டும்?"

யூக்ளிட் அப்படிச் சொல்லவில்லை. வரும் எண்ணுக்குப் பட்டியலில் இல்லாத ஒரு முதன்மைக் காரணி இருக்கும் என்பதே அவருடைய வாதம். 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031 = 59 × 509. முடிவே இல்லை என்பதற்கு அது போதும். அடுத்ததைக் கையில் பிடித்துத் தராது.

பிடிப்பதற்கு லூக்காசும் லேமரும் தந்த வழி இருக்கிறது, 2இன் வலுவில் ஒன்று குறைந்த எண்களுக்கு மட்டும். 4இல் தொடங்கு, வர்க்கித்து இரண்டைக் கழி, மீதி எடு. 127க்கு: 4, 14, 67, 42, 111, 0. பூச்சியம் வந்தால் முதன்மை. 127 என்பது 2⁷ − 1, ஏழில் இரண்டு குறைய ஐந்து தடவை. 2047க்கு ஒன்பது தடவை செய்தால் 1736 வந்து நிற்கும், முதன்மை இல்லை. கிம்ப்ஸ் கணினிகள் நீண்ட காலம் நம்பியிருந்தது இந்தச் சோதனையைத்தான்; இப்போது முதலில் ஃபெர்மா வகைச் சோதனை ஒன்றைச் செய்து, அதில் தேறியதை இதனால் உறுதிப்படுத்துகிறார்கள். எங்கள் 2³¹ − 1க்கு இருபத்தொன்பது தடவை மட்டும். ஆனால் பத்து இலக்க எண்களை வர்க்கிக்க வேண்டும், கை நோகும். ஒய்லரின் வழியில் தடவை கூட, எண்கள் சின்னவை. எது இலேசு என்று வகுப்பில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. நான் ஒய்லர் கட்சி.

ஒய்லரின் கணிப்பு 1867 வரை தெரிந்த மிகப் பெரிய முதன்மை எண்ணாக இருந்தது. இதிலிருந்து கிடைக்கும் நிறைவெண் 2305843008139952128. தன்னைத் தவிர்ந்த காரணிகளை எல்லாம் கூட்டினால் அதே எண் வரும். 1811இல் பார்லோ என்ற ஆங்கிலேயர், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை ஒருவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று எழுதினார், இவற்றால் பயன் ஏதும் இல்லையே என்று. பயனைப் பார்த்துத்தான் ஆட்கள் தேடுவார்கள் என்று நினைத்துவிட்டார். எங்கள் பிள்ளைகளுக்கு ஜூலையில் யாரும் பரிசு சொல்லவில்லை.

ஓகஸ்ட் 17

தாள்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. பட்டியலின் நுனியில் 46191 மூன்றின் மடங்கு. 46129 பிள்ளைகளை நன்றாக அலைக்கழித்தது. கடைசியில் 163 × 283. 45881க்கு 11உம் 43உம் 97உம் காரணிகள். ஆகவே உண்மையில் சோதிக்க வேண்டிய கடைசி முதன்மை எண் 45943. ஈவு 46742, மீதி 15941. இரண்டு பேர் தனித்தனியே செய்து ஒரே விடை. மற்றத் தாள்களிலும் ஒன்றிலாவது பூச்சியம் இல்லை.

மாங்குளத்திலிருந்து 2³⁷ − 1ஐக் கேட்ட பிள்ளைக்கு: இதே வழி. 74இன் மடங்கு + 1. 75உம் 149உம் எட்டின் சோதனையில் விழுந்துவிடும். 223இல் தொடங்கு, கொப்பியில் அதிக இடம் பிடிக்காது.